நாமும் நாங்களும்: மெக்சிக அமெரிக்க வீட்டின் ஒரு மகளைப் பற்றி

சில மாதங்களாக நாங்கள் நண்பர்கள் நால்வர் மெக்சிக அமெரிக்கப் பெண் எழுத்தாளர்களின் நூல்களைச் சேர்ந்து வாசித்து வருகிறோம். ஒவ்வொரு நூலையும் முடித்தபின் ஒரு மாலைப்பொழுதில் கூடிப் பேசுவது வழக்கம். இந்தக் கட்டுரைக்கு வித்திட்ட விவாதமும் அப்படியொரு மாலையில்தான் தொடங்கியது. பெண்ணை நேசிக்கும் இளம்பெண் ஒருத்தி, தன் கத்தோலிக்கக் குடும்பத்தின் மகளாகவும் நீடிக்க முயல்வதைப் பற்றிய பேச்சு அது. "இவ்வளவு துன்பப்படுவதற்கு வீட்டைவிட்டு வெளியேறியிருக்கலாமே" என்றார் எங்களில் ஒருவர். "வெளியேறவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியே தீரவேண்டுமா என்ன?" என்றார் இன்னொருவர். இரண்டுமே அக்கறையிலிருந்து பிறந்த சொற்கள்தாம். இரண்டுமே தவறு என்ற முடிவுக்கு நாங்கள் வந்துசேர மூன்று மாத வாசிப்பு தேவைப்பட்டது.

இத்தகைய பெண்களைப் பற்றிப் பேசுகையில் ஒரு தராசை மனத்தில் நிறுத்திக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. ஒரு தட்டில் அவளுடைய விழைவு; மறுதட்டில் குடும்பம், மதம், பண்டிகை, பாட்டியின் சமையல். ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும். அவள் செய்யவேண்டியதெல்லாம் முள்ளை நடுவில் நிறுத்துவதுதான் என்பதுபோலப் பேசுகிறோம். இந்தத் தராசே பிழையானது என்பதுதான் எங்கள் தரப்பு. அந்த எழுத்தாளர்களுள் முக்கியமானவர்கள் மரபைத் தங்களுக்கு எதிரே இருக்கும் எடைக்கல்லாகக் கருதவில்லை. தங்களுக்கும் பங்குள்ள பூர்வீகச் சொத்தாகவே கண்டார்கள். அவர்களுடைய வழக்கு விடுதலை கோரிய வழக்கு என்பதைவிடப் பாகம் கோரிய வழக்கு என்பதே பொருத்தம்.

இதைப் புரிந்துகொள்ள அந்த வீடு எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்க்கவேண்டும். 1848-இல் மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தத்தால் இன்றைய கலிபோர்னியா, நெவாடா, யூட்டா ஆகியவற்றோடு அரிசோனா, நியூ மெக்சிகோவின் பெரும்பகுதிகளும் அமெரிக்காவின் வசமாயின. டெக்சாஸின் எல்லையாக ரியோ கிராண்டே ஆறு உறுதியானது. பல குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, நாடுதான் மாறிப்போயிற்று. அந்த ஒப்பந்தம் கையெழுத்தான ஊரின் பெயரான குவாதலூப்பே ஹிதால்கோ, மெக்சிகர்களின் அன்னையான குவாதலூப்பே மாதாவின் பெயரைக் கொண்டது என்பது வரலாற்றின் ஒரு கசப்பான விளையாட்டு. பின்னர் 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் மெக்சிக வம்சாவளியினர் லட்சக்கணக்கில் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். பள்ளி வளாகத்தில் ஸ்பானிய மொழி பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்ட காலமும் உண்டு.

அரசும் பள்ளியும் கைவிரித்த இடத்தில் குடும்பமே வங்கியாகவும் வேலைவாய்ப்பு அலுவலகமாகவும் முதியோர் காப்பகமாகவும் இருந்தாகவேண்டியிருந்தது. ‘ஃபமிலியா’ என்று அவர்கள் சொல்லும்போது தாய் தந்தை பிள்ளைகள் என்ற வட்டம் மட்டும் குறிக்கப்படுவதில்லை. பாட்டி, சித்தி, மாமன், ஞானத்தாய், ஞானத்தந்தை, எல்லைக்கு அப்பால் இருக்கும் உறவு எல்லாம் அதில் அடக்கம். ஆங்கிலம் தெரியாத தாய்க்கு மருத்துவமனையிலும் வங்கியிலும் மொழிபெயர்ப்பாளராக நிற்பது பெரும்பாலும் மகள்தான். பத்து வயதில் தாயின் நோயை மருத்துவருக்கும் மருத்துவரின் தீர்ப்பைத் தாய்க்கும் மொழிபெயர்த்த அந்தப் பெண்ணிடம் "வெளியேறிவிடு" என்று சொல்வது எளிது. அவள் வெளியேறினால் தாயின் நாவும் சேர்ந்து வெளியேறும் என்பது சொல்பவருக்குத் தெரிவதில்லை. அந்த மகள் தன்னைப் பற்றித் தாயிடம் சொல்லவரும்போது மட்டும் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் எவரும் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் என்றதும் மெக்சிக மரபில் ஒரு பழைய பெயர் எழுந்து வருகிறது: மலின்சே. 1519-இல் ஸ்பானியப் படைத்தலைவன் கோர்த்தேஸிடம் கொடையாகக் கொடுக்கப்பட்ட இருபது அடிமைப் பெண்களுள் ஒருத்தி. நாவாட்ல் மொழியும் மாயா மொழியும் அறிந்தவள். அவள் நாவின் துணையோடுதான் அஸ்டெக் பேரரசு வீழ்ந்தது என்பது பழி. இன்றும் அந்நியத்தை நாடுபவரை மெக்சிகோவில் அவள் பெயரால் ஏசுவார்கள். ஆனால் அந்தப் படையெடுப்பை எழுதிவைத்த பெர்னால் தியாஸின் குறிப்புப்படி, கணவன் இறந்து மறுமணம் செய்துகொண்ட தாய், புதிதாய்ப் பிறந்த மகனுக்குச் சொத்து சேரவேண்டும் என்பதற்காகவே இந்தப் பெண்ணை அந்நியரிடம் கொடுத்துவிட்டாள். அப்படியானால் யார் யாருக்குச் செய்த துரோகம் இது? 1980-களில் சிகானா எழுத்தாளர்கள் இந்தக் கேள்வியை விடாமல் எழுப்பினார்கள். காரணம், பெண்ணை நேசித்த பெண்களையும் அதே பெயரால்தான் சமூகம் ஏசியது. 1969-இல் டென்வரில் கூடிய சிகானோ இளைஞர் மாநாடு வெளியிட்ட அறிக்கை, இனத்தின் விடுதலைக்குக் குடும்பத்தையே அரணாகக் காட்டியது. கணவனோடும் பிள்ளைகளோடும் நில்லாத பெண் அந்த அரணில் ஓட்டை போடுபவளாகத் தோன்றினாள். பெண்ணியமும் தன்பால் விழைவும் வெள்ளைக்காரச் சரக்கு என்பது அன்றைய தோழர்களின் வாதம்.

வெள்ளைப் பெண்ணியர்களின் கூட்டங்களிலோ வேறொரு தொல்லை இருந்தது. அங்கே பெண்ணை நேசிக்கலாம். ஆனால் நிறத்தையும் மொழியையும் அம்மாவின் வறுமையையும் வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரவேண்டும். இந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவில் நின்றவர்கள்தாம் க்ளோரியா அன்சால்துவாவும் ஷெரீ மொராகாவும். இருவரும் சேர்ந்து தொகுத்து 1981-இல் வெளியான ‘திஸ் பிரிட்ஜ் கால்டு மை பேக்’ என்ற நூல், பாலமாக இருந்து இருந்து முதுகு தேய்ந்தவர்களின் குரல்களைத் திரட்டியது. முதலில் வெளியிட்ட பதிப்பகம் மூடப்பட, வெள்ளையரல்லாத பெண்கள் தாங்களே நடத்திய ‘கிச்சன் டேபிள்’ என்ற பதிப்பகம் 1983-இல் அதை மீண்டும் கொண்டுவந்தது. அடுப்படி மேசை என்று ஒரு பதிப்பகத்துக்குப் பெயர் வைத்தவர்கள் வீட்டை வெறுத்தவர்களாக இருந்திருக்க முடியாது.

மொராகாவின் கதை எங்கள் வாதத்துக்கு நேரடியான சான்று. 1952-இல் பிறந்தவர். தாய் எல்விரா மெக்சிக வம்சம். சிறுவயதில் பருத்திக்காட்டில் உழைத்தவர். தந்தை வெள்ளையர். மகளின் வெளுத்த நிறம் அவளுக்கு அமெரிக்காவில் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடும் என்று குடும்பம் நம்பியது; வெள்ளைச் சமூகத்தில் கரைந்துவிடுவதற்கான அத்தனை வாய்ப்பும் அவருக்கு இருந்தது. அவரைத் திருப்பி அனுப்பியது எது? தான் பெண்ணை நேசிப்பவள் என்பதை ஒப்புக்கொண்ட பிறகே, படிப்பின்றியும் வறுமையிலும் வளர்ந்த தன் தாயின் ஒடுக்கப்பட்ட வாழ்க்கை தனக்கு உண்மையில் விளங்கத் தொடங்கியது என்று தம் தொடக்கக் கட்டுரை ஒன்றில் அவர் விளக்குகிறார். மௌனமாக்கப்படுவது என்றால் என்னவென்று தன் உடலில் அறிந்தபின்தான் தாயின் மௌனம் காதில் விழுந்தது. விழைவு அவரை வீட்டைவிட்டு வெளியேற்றவில்லை. வீட்டுக்கு வழி காட்டியது. 1983-இல் வெளியான ‘லவிங் இன் த வார் இயர்ஸ்’ நூலில், சகோதரனுக்கும் அவன் நண்பர்களுக்கும் பணிவிடை செய்யப் பணிக்கப்பட்ட மகளின் கோபமும், மகனையே முதன்மையாக நேசித்த தாயின் மீதான தீராத பிரியமும் ஒரே மூச்சில் வருகின்றன. 2019-இல் அவர் எழுதிய ‘நேட்டிவ் கன்ட்ரி ஆஃப் த ஹார்ட்’ மறதிநோயில் கரைந்துகொண்டிருந்த அதே தாயைப் பற்றிய நினைவுநூல். தாய் மறந்துகொண்டே போக, குடும்பத்தின் நினைவை எழுதிவைக்கும் பொறுப்பு இந்த மகளின் கைக்கு வந்தது. மரபைக் காப்பது என்பதற்கு இதைவிட வேறு பொருள் உண்டா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அன்சால்துவா வெளியேறியவர். 1942-இல் தெற்கு டெக்சாஸில் பிறந்து, சிறுவயது முதல் வயல்வேலை செய்து, ஆறு தலைமுறைகளில் அந்தப் பள்ளத்தாக்கைவிட்டு வெளியேறிய முதல் ஆளானவர். எங்கள் நண்பரின் ‘வெளியேறியிருக்கலாமே’ என்பதற்கு அவரை உதாரணமாகக் காட்டலாம் என்று முதலில் தோன்றியது. ஆனால் 1987-இல் வெளியான ‘பார்டர்லேண்ட்ஸ்’ நூலைப் படித்தால் அந்த எண்ணம் நிலைப்பதில்லை. ஆங்கிலமும் ஸ்பானியமும் நாவாட்ல் சொற்களும் ஒன்றோடொன்று பின்னிய நடை. பல இடங்களில் மொழிபெயர்ப்பே கிடையாது. வாசகரே தன்னைத் தேடிப் பாதிவழி வரவேண்டும் என்ற பிடிவாதம். அந்நூலில் ஒரு சிறு நிகழ்ச்சி. தன்பால் விழைவோர் மீதான வெறுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒரு மாணவி, வீட்டுக்குத் திரும்புவதில் உள்ள அச்சம் என்று பொருள்கொண்டிருந்தாளாம். பிழையான அந்தப் பொருளே சரியான பொருள் என்று அன்சால்துவாவுக்குப் பட்டது. தாயால், இனத்தால் கைவிடப்படுவோமோ என்பதே அச்சங்களின் வேர் என்பது அவர் எண்ணம். வெளியார் தாக்கும்போது தன் பண்பாட்டுக்காக வாதாடியவர் அவர்; அதே பண்பாடு பெண்களை முடக்குவதைச் சற்றும் மன்னிக்காதவரும் அவரே. டெக்சாஸில் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது 2003 ஜூனில். அன்சால்துவா இறந்தது 2004 மே மாதத்தில். அந்தத் தீர்ப்புக்குப் பின் அவருக்கு ஓராண்டுகூடக் கிடைக்கவில்லை. கலிபோர்னியாவில் இறந்த அவரை அடக்கம் செய்தது, அவர் வளர்ந்த ஹார்கில் என்னும் சிற்றூரில். வெளியேறியவர் திரும்பிவந்தார்.

அதே நூலில் மொழியைப் பற்றி அவர் சொல்லும் ஒரு செய்தி எங்களை நெடுநேரம் யோசிக்கவைத்தது. ஸ்பானிய மொழியில் தன்மைப் பன்மைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஆண்களோ இருபாலருமோ சேர்ந்த கூட்டம் ‘நோசோத்ரோஸ்’. பெண்கள் மட்டுமே உள்ள கூட்டம் ‘நோசோத்ராஸ்’. பெண்களுக்கென்று தனியாக இப்படியொரு சொல் இருப்பதே கரீபியத் தீவுகளைச் சேர்ந்த பெண்கள் பேசக் கேட்டபோதுதான் அவருக்குத் தெரியவந்ததாம். அவர் வளர்ந்த ஊரில் பெண்களும் தங்களை ஆண்பாற் சொல்லாலேயே குறித்தார்கள். பெண்கள் மட்டும் கூடியிருந்தாலும் அந்தச் சொல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆண் உட்கார்ந்திருந்தான் என்று பொருள்.

தமிழில் நமக்குள்ள வேறுபாடு வேறு வகையானது. நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே. நாம் என்றால் கேட்பவர் உள்ளே. ஸ்பானியத்திலோ ஆங்கிலத்திலோ இல்லாத இந்த வேறுபாட்டோடு அந்த வீடுகளின் உரையாடல்களை வாசிக்கையில் ஒன்று புலப்பட்டது. மகள் சொல்லவருவதைப் பாதியில் நிறுத்தி, இதெல்லாம் குடும்பத்தில் கிடையாது என்கிற தாயின் சொல்லைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது? ‘எங்கள் குடும்பத்தில் கிடையாது’ என்றால் மகளை அவள் வெளியே தள்ளிவிட்டாள். ‘நம் குடும்பத்தில் கிடையாது’ என்றால்? மறுக்கிற அதே வாக்கியத்தில் அவளை உள்ளேயும் இழுத்துக்கொள்கிறாள். நாங்கள் வாசித்த தாய்மார்களுள் பலர் சொல்வது இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் என்பது எங்கள் எண்ணம். அந்த மகள்கள் செய்வதெல்லாம் தாயை அந்த ஒரு சொல்லுக்கு உண்மையாக இருக்கச் செய்வதுதான். நம் குடும்பம் என்று சொன்னாய் அல்லவா, நானும் அதில் உண்டு, ஆகவே அக்குடும்பத்தில் இதுவும் உண்டு என்பது அவர்களுடைய தருக்கம். இதில் கலகத்தைவிட உரிமைப் பேச்சே மிகுதி.

இரண்டாவது நண்பரின் தரப்புக்கு வருவோம். சொல்லாமலே இருந்தால் என்ன? எல்லோருக்கும் தெரிந்தும் எவரும் வாய்திறக்காத ஏற்பாடுகள் பல குடும்பங்களில் உண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. மகளின் ‘தோழி’ பண்டிகைக்கு வருவாள்; அவளுக்கும் ஒரு தட்டு வைக்கப்படும்; கேள்வி எழாது. இதை வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்குவது அறியாமை. சில வீடுகளில் அந்தத் தட்டே அன்பின் உச்ச மொழியாக இருக்கக்கூடும். ஆனால் அந்த மௌனத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். கார்லா த்ருஹீயோவின் ‘வாட் நைட் பிரிங்ஸ்’ (2003) நாவலில் மார்சி என்ற சிறுமி வருகிறாள். 1960-களின் கலிபோர்னியா. அடிக்கிற தந்தை, அவனைவிட முடியாத தாய். மார்சி கடவுளிடம் இரண்டு வரங்கள் கேட்கிறாள்: அப்பா தொலைந்துபோக வேண்டும்; தான் ஆணாக மாறவேண்டும். பெண்களைப் பிடிப்பதென்றால் ஆணாக இருந்தாக வேண்டும் என்பதைத் தவிர வேறு வழி உலகில் உண்டு என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. மௌனம் பெரியவர்களுக்கு நாகரிகமாக இருக்கலாம். குழந்தைக்கு அது சொல்லில்லாத இருட்டு.

அந்த மௌனம் தாயையும் விட்டுவைப்பதில்லை. டான்யா சராச்சோ உருவாக்கி 2018 முதல் 2020 வரை மூன்று பருவங்கள் வெளியான ‘வீதா’ என்ற தொலைக்காட்சித் தொடர், தாயின் இறப்புக்காக லாஸ் ஏஞ்சலஸின் பாயல் ஹைட்ஸ் பகுதிக்குத் திரும்பும் இரு சகோதரிகளோடு தொடங்குகிறது. அங்கே வந்தபின்தான், தாய் ஒரு பெண்ணை மணந்து வாழ்ந்துவந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியவருகிறது. மூத்தவள் எம்மாவுக்கு அது இடியாக இறங்குகிறது. பெண்களை விரும்புகிறாள் என்பதற்காகவே சிறுவயதில் அவளை வீட்டைவிட்டு அனுப்பியவள் அந்தத் தாய்தான். தன்னுள் கண்டு அஞ்சியதை மகளிடம் கண்டபோது தாய் தண்டித்தது தன்னையும் சேர்த்துத்தான். மகள் தூற்ற எண்ணிய தாயும், மகள் ஏங்கிய முன்னோடியும் ஒரே ஆளாகி, இருவரும் ஒருங்கே சவப்பெட்டிக்குள் போய்விட்டார்கள். சொல்லாமலே இருந்தால் என்ன என்று கேட்ட எங்கள் நண்பர் இந்தத் தொடரைப் பார்த்தபின் அந்தக் கேள்வியை மீண்டும் கேட்கவில்லை.

மரபின் சடங்குகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறையும்போது நடக்கும் ‘கின்ஸெயன்யேரா’ விழாவை எடுத்துக்கொள்வோம். நன்றித் திருப்பலி, மணப்பெண்ணுடை போன்ற பெரிய கவுன், கிரீடம், தட்டைக் காலணியைக் கழற்றித் தந்தை மாட்டிவிடும் உயர்குதிக் காலணி, கடைசிப் பொம்மை, தந்தையோடு ஆடும் வால்ஸ் நடனம். செலவில் கேக்குக்கு ஒரு ஞானத்தந்தை, இசைக்கு ஒரு ஞானத்தாய் என்று சுற்றம் பகிர்ந்துகொள்ளும். இந்தச் சடங்கு பெண்ணிடம் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. நீ எங்களுடையவள், உன்னை நாங்கள் எல்லோரும் சேர்ந்து வளர்த்தோம் என்பது முதற்செய்தி. இனி ஓர் ஆணின் கைக்குப் போகத் தயாராகு என்பது இரண்டாவது. இரண்டும் ஒன்றே என்று நம்பவைக்கப்பட்டிருக்கிறோம். இரண்டாவதை உதிர்த்துவிட்டாலும் முதலாவது முழுமையாக நிற்கும். 2006-இல் சன்டான்ஸ் விழாவில் நடுவர் பெரும்பரிசையும் பார்வையாளர் பரிசையும் ஒருங்கே வென்ற ‘கின்ஸெயன்யேரா’ திரைப்படத்தில், கருவுற்றதால் வீட்டைவிட்டு வெளியேறும் பெண்ணுக்கும் தன்பால் விழைவுக்காக விலக்கப்பட்ட அவள் உறவினனுக்கும் புகலிடம் தருபவர் குடும்பத்தின் ஆக மூத்த கிழவர். மரபை அதிகம் அறிந்தவருக்கு அதைக் காட்டி எவரையும் அடிக்கத் தோன்றவில்லை.

குவாதலூப்பே மாதாவின் கதையும் அப்படித்தான். 1531-இல் தெப்பேயாக் குன்றில் ஹுவான் தியேகோ என்ற எளிய பூர்வகுடி மனிதருக்குக் காட்சி தந்தவள் என்பது நம்பிக்கை. அந்தக் குன்றில் அதற்கு முன்பு தோனான்த்சின் என்ற தாய்த்தெய்வத்தை வழிபட்டதாகச் சொல்வார்கள். அல்மா லோபெஸ் என்ற ஓவியர் 1999-இல், ரோஜாக்களை மட்டும் அணிந்து இடுப்பில் கைவைத்து நேராகப் பார்க்கும் பெண்ணாக அந்த மாதாவைப் படைத்தார். 2001-இல் சாந்தா ஃபே அருங்காட்சியகம் ஒன்றில் அது வைக்கப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது, பேராயரும் கண்டித்தார். படம் அகற்றப்படவில்லை, ஆனால் கண்காட்சி குறித்த காலத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளப்பட்டது. எதிர்த்தவர்களின் மனம் புண்பட்டதை நாங்கள் போலி என்று சொல்லவில்லை. ஆயினும் லோபெஸும் அந்த மாதாவின் படத்தைப் பார்த்து வளர்ந்த மகள்தான். தெய்வத்தை முற்றிலும் வேண்டாம் என்று விட்டவர் அதை மீண்டும் வரைந்துகொண்டிருக்க மாட்டார்.

பாட்டிலும் சான்று உண்டு. கோஸ்டாரிகாவில் 1919-இல் பிறந்து மெக்சிகோவைத் தாயகமாக்கிக்கொண்ட சாவேலா வார்காஸ், பெண்ணை நோக்கி ஆண் பாடுவதாக எழுதப்பட்ட ரஞ்சேரா காதற்பாடல்களைப் பால் மாற்றாமல் அப்படியே பாடினார். கால்சட்டையும் போர்வையுமாக மேடையேறினார். தாம் பெண்ணை நேசிப்பவர் என்று வெளிப்படையாகச் சொன்னது 2000-இல், 81 வயதில். ஆனால் அவர் குரலைக் கேட்டவர்களுக்கு அது அதற்கு முன்பே தெரியாமலா இருந்திருக்கும்? 2012-இல் அவர் இறந்தபோது மெக்சிகோ தன் சொந்தக் குரலை இழந்ததாகவே துக்கம் கொண்டாடியது. மரபுக்கு இதெல்லாம் அந்நியம் என்று சொல்பவர்கள் தங்கள் வீட்டு வானொலியையே கேட்காதவர்கள்.

இப்படியெல்லாம் எழுதுகையில் எங்களுக்கே ஓர் அச்சம் எழுகிறது. குடும்பத்தை நாங்கள் பொன்முலாம் பூசிக் காட்டுகிறோமோ? ஸொனோரா ரேயெஸ் எழுதி 2022-இல் அமெரிக்க தேசிய நூல் விருதின் இளையோர் பிரிவில் இறுதிப்பட்டியலுக்கு வந்த ‘த லெஸ்பியானாஸ் கைடு டு கத்தோலிக் ஸ்கூல்’ நாவல் இந்த அச்சத்துக்கு நல்ல மருந்து. அரிசோனாவில் கத்தோலிக்கப் பள்ளியில் சேரும் யாமிலெத் என்ற பெண், உண்மை தெரிந்தால் தாய் தன்னை வெளியேற்றிவிடுவாளோ என்று அஞ்சி வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்துவைக்கிறாள். பதினாறு வயதுப் பெண் வீட்டிலிருந்து தள்ளப்படும் நாளுக்காகச் சேமிக்கிறாள் என்பதைப் படித்தபின் குடும்பத்தைப் பற்றிய கவிதைகள் நாவில் கசக்கின்றன. மெக்சிகோவுக்கு நாடு கடத்தப்பட்ட தந்தையை அவள் பெரிதும் நம்புகிறாள். சொல்லும்போது அவர்தான் கைவிடுகிறார். அஞ்சியிருந்த தாய் கைவிடுவதில்லை. யார் நிற்பார், யார் விலகுவார் என்பதைப் பிள்ளைகளால் முன்கூட்டி அறிய முடியாது. ஆகவே எந்தப் பெண்ணையும் பார்த்து, நீ வீட்டில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று கட்டளையிடும் உரிமை எங்களுக்கு இல்லை. அடிவிழும் வீட்டிலிருந்து ஓடுபவள் எந்த மரபுக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. எப்போது பேசுவது, எவரிடம் பேசுவது, பேசாமலே இருப்பதா என்பதெல்லாம் அவளுடைய தீர்மானம்.

எங்கள் கேள்வி குடும்பங்களை நோக்கியது. சட்டம் தன் பங்குக்கு நகர்ந்துவிட்டது. அமெரிக்காவில் 2015-இல் ஒருபாலினத் திருமணம் நாடெங்கும் செல்லுபடியாயிற்று. மெக்சிகோவில் 2010-இல் தலைநகரில் தொடங்கி, 2022-க்குள் எல்லா மாநிலங்களுக்கும் அது விரிந்தது. எல்லையின் இருபுறமும் அந்த மகள் இன்று சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி அமர்ந்து சோளத் தோகையில் மாவைப் பூசித் தமாலே மடிக்கும்போது, அவள் மனைவிக்கு அங்கே நாற்காலி உண்டா என்பதை எந்த நீதிமன்றமும் தீர்மானிக்க முடியாது. தீர்மானிக்கவேண்டிய பாட்டி அந்த மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். மரபு அழிந்துவிடும் என்று அஞ்சுகிறவள் அவள்தான். ஆனால் மடிக்கக் கற்றுக்கொள்ள ஆசையோடு வந்து நிற்கும் இரண்டு கைகளைத் திருப்பி அனுப்பினால் மரபு எப்படி நிலைக்கும் என்பதையும் அவளேதான் யோசிக்கவேண்டும்.

"வெளியேறியிருக்கலாமே" என்ற நண்பரிடம் கடைசிக் கூடலில் கேட்டோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "அவள் வெளியேறவேண்டும் என்று நான் விரும்பியது அவளுக்காக அல்ல போலிருக்கிறது, அவள் அங்கேயே நின்றால் மற்றவர்கள் மாறவேண்டியிருக்குமே, அது நடக்காது என்று நானே முடிவு செய்துவிட்டேன்" என்றார். அதன்பின் எங்களுள் எவரும் பேசவில்லை. அடுத்த மாதத்துக்கு ‘பார்டர்லேண்ட்ஸ்’ நூலையே மறுபடி எடுத்திருக்கிறோம். மொழிபெயர்க்காமல் அவர் விட்டுவைத்த ஸ்பானிய வரிகளை இந்த முறையாவது அகராதியோடு உட்கார்ந்து பொறுமையாக வாசிக்க உத்தேசம். பாதிவழி நாமும் நடக்கவேண்டும் அல்லவா.